விரட்டப்பட்ட சிங்கங்கள்!

மனைவி இறந்ததும் அயர்லாந்து ராஜா ஒருவனுக்குப் புத்தி பேதலித்தது. மனைவியின் சாயலில் இருந்த சொந்த மகள் டிம்ப்னாவையே மணக்கத் துடித்தான்! அவள் கடல் தாண்டி ஓடினாள். துரத்திவந்தவன் ஒரு சின்ன ஊரில் அவள் தலையைச் சீவினான்...

இது கர்ண பரம்பரைக் கதை. ஊர் மட்டும் நிஜம் - பெல்ஜியத்தில் இருக்கும் ஹேல். டிம்ப்னா மனநோயாளிகளின் புனிதர் ஆனாள். அவளது சர்ச்சுக்கு அவர்களை அழைத்து வந்தார்கள். ஒன்பது நாள் பிரார்த்தனை. குணமாகாதவர்களும் தங்கிவிட, சர்ச்சில் இடம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்! சும்மா இல்லை, பணம் உண்டு. வயல் வேலைக்கும் ஆள் ஆச்சு. இருக்கட்டுமே! லண்டன் பெத்லெம் ஆஸ்பத்திரியில் 'பைத்தியங்களை' வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடிய 18-ம் நூற்றாண்டிலும் ஹேலில் இதுதான் வழக்கம்.

1850-ல் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1930-களின் கடைசியில் 3,700-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வீடுகளில் இருந்தார்கள். இன்று வெகுவாகக் குறைந்துவிட்டாலும் வழக்கம் நிற்கவில்லை. அவர்களுக்கு அங்கே 'நோயாளி' என்று பெயர் கிடையாது. 'போர்டர்', அதாவது வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவர், அவ்வளவுதான்!

ஒரு வீட்டில் இருந்தவருக்குச் சுவரிலிருந்து சிங்கங்கள் வருவதாகத் தோன்றும். வீட்டுக்கார அம்மா வாதாட மாட்டார். சிங்கங்களை விரட்டுவதுபோல் பாவனை செய்வார். அவரும் அமைதியாகிவிடுவார்.