ஸ்டாக்டன், ஜான் (பி. 1962)

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்; பாயிண்ட் கார்டு. வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனில் பிறந்து, அவ்வூர் கொன்சாகா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 1984இல் யூட்டா ஜாஸ் அவரை 16ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2003இல் ஓய்வு பெறும்வரை 19 பருவங்களும் அதே அணிதான். அணித்தோழர் கார்ல் மலோன் எதிராளியை மறித்து நிற்பார். ஸ்டாக்டன் அவரை உரசியபடி வளைந்து போவார். மலோன் வளையத்தை நோக்கித் திரும்புவதற்குள் பந்து அவர் கைக்கு வந்திருக்கும். எல்லா அணிக்கும் தெரிந்த உத்திதான், தடுக்கத்தான் ஆளில்லை. 15,806 அசிஸ்ட், 3,265 பந்துப் பறிப்பு: இரண்டும் என்.பி.ஏ. சாதனைகள். மற்றவர்கள் தொளதொள டிராயருக்கு மாறியபின்னும் இவர் குட்டை டிராயரை விடவில்லை. 1997இல் ஹூஸ்டனுக்கு எதிராகக் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து யூட்டாவை முதன்முறையாக இறுதிச்சுற்றில் சேர்த்தது. அங்கும் மறு ஆண்டும் சிகாகோவிடம் தோல்வி. சாம்பியன் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை. ஒலிம்பிக் தங்கம் இரண்டு: 1992, 1996.