பெரியாறு தேசியப் பூங்காவும் மதுரைச் சமவெளியும்

பெரியாறு தேசியப் பூங்கா என்பது கேரள மாநிலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமீது அமைந்துள்ள காட்டுப் பகுதியாகும். தமிழ்நாட்டு மக்கள் இதனைத் தேக்கடி என்றே அழைக்கின்றனர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம், குமுளி வழியாக ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் உள்ளது. கோடை விடுமுறையில் மதுரைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சென்றுவரும் இடம் இது. அவர்கள் படகில் சுற்றிப் பார்க்கும் ஏரி இயற்கையாக உருவானதன்று. மதுரைச் சமவெளியின் வறட்சியைப் போக்குவதற்காகத் தேக்கப்பட்ட நீரே அது.

அணைக்கு முந்தைய நிலை

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழமையானது. 1789-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார் என்றும், செலவு மிகுதி என்பதால் கைவிட்டார் என்றும் கூறப்படுகிறது. வையை பெரும்பாலும் மழையை மட்டும் நம்பிய ஆறு. 1876-78-இல் ஏற்பட்ட தாது வருடப் பஞ்சத்தில் மதுரை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதன் பிறகே திட்டம் வேகம் பெற்றது.

அணையும் ஏரியும்

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் அணை கட்டப்பட்டது. தொடக்கக் கட்டுமானங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. மலேரியாக் காய்ச்சலாலும் காலராவாலும் தொழிலாளர் பலர் இறந்தனர். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர், வைரவனாறு, சுருளியாறு வழியாக வையையில் சேர்ந்தது. பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வெட்டப்பட்டது. பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான பகுதி இருபோக நெல் விளையும் பூமியானது. மேலூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களும் ஒருபோகப் பாசனம் பெற்றன.

இந்த வளத்திற்கு ஒரு விலையும் இருந்தது. ஏறத்தாழ 26 ச.கி.மீ. பரப்பில் காடு நீரில் மூழ்கியது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின்மீது அமர்ந்து சிறகுலர்த்துவதைப் படகில் செல்வோர் காணலாம்.

காட்டிலிருந்து தேசியப் பூங்காவாக

ஏரிக்கு நீர் தரும் மலைகள் மொட்டையானால் வண்டல் சேர்ந்து ஏரி தூர்ந்துவிடும். 1899-இல் ஏரியைச் சூழ்ந்த பகுதி காப்புக்காடாக்கப்பட்டது. அக்காலத்தில் சுற்றுப்புற மலைகளில் தேயிலை, ஏலத் தோட்டங்கள் பரவிவந்த நிலையில் இக்காடு தப்பியது. 1934-இல் நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயமாகவும், 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. 1982-இல் மையப்பகுதியான 350 ச.கி.மீ. தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காப்பகத்தின் இன்றைய மொத்தப் பரப்பு 925 ச.கி.மீ.

1990-களின் இறுதியில் காட்டுப்பட்டை திருடிவந்தோரையே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றும் முயற்சி தொடங்கியது. காட்டை நன்கறிந்தவர்கள் காட்டைக் காப்பவர்களானார்கள். மன்னான், பளியர் பழங்குடியினரும் இப்பணியில் உள்ளனர்.

சுற்றுலாவும் மதுரை மக்களும்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் காட்டு ஓடைகள் வற்றுவதால் யானைகளும் காட்டெருமைகளும் ஏரிக்கரைக்கு வருகின்றன. அவற்றைக் காண்பதே படகுப் பயணத்தின் நோக்கம். ஆனால் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்கைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இருக்கையை விட்டு எழாமலிருத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

காப்பகத்தினுள் உள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டம் மதுரையோடு மற்றோர் உறவு கொண்டது. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே நடந்து மலையேறினாள் என்பது சிலப்பதிகாரச் செய்தி. இக்கோயிலே அந்தக் கோட்டம் என்று அறிஞர் சி. கோவிந்தராசனார் 1960-களில் எடுத்துக்காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர்.

இன்றைய நிலை

அணையின் நீர்மட்டம் குறித்து இரு மாநிலங்களுக்கிடையே நீண்ட வழக்கு நடந்தது. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தில் அணையின் பாதுகாப்பு குறித்த அச்சமும், தமிழ்நாட்டில் பாசனம் குறித்த கவலையும் தொடர்கின்றன.

2021-இல் தமிழ்நாட்டுப் பக்கம் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. பெரியாற்றுக் காட்டை ஒட்டிய இப்பகுதியில்தான் வையை பிறக்கிறது. ஆக, மதுரைக்கு வரும் இரு நீர்வழிகளின் தலைப்பகுதியும் இன்று பாதுகாக்கப்பட்ட காடு. மதுரையின் குடிநீருக்கும் கள்ளந்திரியின் நெல்லுக்கும் அந்தக் காடே அடிப்படை. தேக்கடிக்குச் சுற்றுலா செல்லும் மதுரைக் குழந்தைகள் உண்மையில் தங்கள் வீட்டுக் குழாயின் மறுமுனையைத்தான் பார்த்துத் திரும்புகின்றனர்.