விலங்குப் படநூல், தொடு வகை

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் தொட்டும் திறந்தும் ஒலியெழுப்பியும் விலங்குகளை அறிந்துகொள்ள உதவும் நூல். பக்கங்கள் கிழியாத தடித்த அட்டையாலும், மூலைகள் குத்தாதபடி வளைவாகவும் அமையும்.

வகைகள்: தடவிப் பார்க்கும் நூலுக்கு முன்னோடி டோரதி குன்ஹார்ட்டின் ‘பேட் தி பன்னி’ (1940). எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ (1969) நூலில் புழு தின்ற இடமெல்லாம் விரல் நுழையும் துளைகள். எரிக் ஹில்லின் ‘வேர்ஸ் ஸ்பாட்?’ (1980) மடிப்பைத் திறந்து பார்க்கும் வகை. அதில் பியானோவின் மூடியைத் தூக்கினால் நீர்யானை இருக்கும்.

தமிழ்நாட்டில்: சென்னையின் தாரா புக்ஸ் (1994), தூலிகா (1996) ஆகிய பதிப்பகங்கள் குழந்தைகளுக்கான படநூல்களை வெளியிடுகின்றன. தூலிகா தமிழ்–ஆங்கில இருமொழி நூல்களையும் தருகிறது.

பயன்பாடு: படத்தைக் குழந்தை அறிந்த விலங்கோடு சேர்த்துப் பேசுவது சொல்வளம் கூட்டும். எடுத்துக்காட்டாக, பழனி மலைத்தொடரில் வாழும் குழந்தைகளுக்கு இத்தகைய விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. கொடைக்கானல் தெருக்களுக்கே காட்டுமாடு வரும். மரத்தில் மலையணில் தாவும். மாநில விலங்கான வரையாடும் இம்மலைத்தொடரில் உண்டு.