பாந்தியன் சாலையில் இரு வீடுகள்

சென்னையில் அரசாங்கம் தானே கட்டிக்கொண்ட மாளிகைகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அது குடியேறிய வீடுகளுக்கும் வரலாறு உண்டு. பல தலைமுறைகள் ‘கமிஷனர் ஆபீஸ்’ என்றே அறிந்த எழும்பூர்க் கட்டடம், இன்றைய தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம், அப்படியொரு வீடு.

அருணகிரி முதலியாருக்குச் சொந்தமான அந்த வீட்டைக் காவல்துறைக்காக 1842இல் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். 1856இல் 21,000 ரூபாய்க்கு விலை பேசி வாங்கினார்கள். வாடகை ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 14 ஆண்டுகளில் கொடுத்த பணம் 27,000 ரூபாயைத் தாண்டுகிறது! கும்பெனியாருக்குக் கணக்குத் தெரியாதா என்ன? அந்த 1856இல்தான் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களின் காவலையும் முறைப்படுத்தி 13ஆம் எண் சட்டம் வந்தது. கமிஷனர் பதவி சட்டத்தில் ஊன்றிய ஆண்டிலேயே வீடும் சொந்தமானதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1919இல் அந்தப் பதவிக்கு முதல் இந்தியராகப் பராங்குசம் நாயுடு வந்தார். 2013இல் அலுவலகம் வேப்பேரிக்குப் போனது. 2021 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

இப்படி மாறுவது இந்தச் சாலைக்குப் புதிதல்ல. சற்றுத் தள்ளியுள்ள அரசு அருங்காட்சியகமும் ஒரு தோட்ட வீட்டில் தொடங்கியதே. ‘பாந்தியன்’ எனப்பட்ட அந்த வளாகத்தை அரசு 1830இல் வாங்கிக் கலெக்டர் கச்சேரி ஆக்கியது. கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் 1851இல் பிறந்த அருங்காட்சியகம் 1854இல் அங்கே குடிபுகுந்தது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் கெட்டிக்காரர். கல்லையும் எலும்பையும் பார்க்கக் கூட்டம் வராது என்று உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வைத்தார். சென்னையின் விலங்குக் காட்சிசாலைக்கு அதுவே தொடக்கம்.

ஆனால் இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமராவதிச் சிற்பங்கள் கிருஷ்ணைக் கரையிலிருந்து எழும்பூருக்கு வந்தவை. எந்தக் கூடத்தில் வைத்தாலும் அவை விருந்தாளிகள்தாம். காவல் அருங்காட்சியகத்தின் வாள்களும் துப்பாக்கிகளும் சீருடைகளும் கம்பியில்லாக் கருவிகளும் தம் துறையின் பழைய வீட்டிலேயே இருக்கின்றன. எனவே அங்கே முதல் காட்சிப்பொருள் கட்டடம்தான்.

கோட்டை அருங்காட்சியகத்தில் நாணயங்களையும் ஓவியங்களையும் பார்த்துத் திரும்புகிறவர்களில், அது 1790களில் வணிகர்கள் கூடுவதற்கென எழுந்த கட்டடம் என்றும், 1796 முதல் அதன் உச்சியில் கலங்கரை விளக்கம் எரிந்தது என்றும் அறிந்து வருபவர்கள் எத்தனை பேர்? எழும்பூரில் அந்தக் குறை நேராமல் தடுப்பது பெரிய காரியமல்ல. முதலியார் வீட்டில் எந்த அறை எதற்கு இருந்தது, காவல்துறை எந்தச் சுவரை எழுப்பியது, எதை இடித்தது என்று காட்டும் வரைபடம் ஒன்றை நுழைவாயிலிலேயே மாட்டிவைக்கலாம்.