அறுவைக் காயம் மூடும் முறைகள்

அறுவைக் காயம் மூடும் முறைகள் என்பவை அறுவை மருத்துவத்தின் இறுதியில், கத்தியால் பிளக்கப்பட்ட தோலின் விளிம்புகளைப் பொருத்தி, அவை கூடும் வரை பிடித்து வைக்கும் வழிகள் ஆகும். நூல் தையல், உலோகப் பின், ஒட்டுபசை, ஒட்டுப்பட்டை ஆகிய நான்கும் இன்று பயன்பாட்டில் உள்ளன. எல்லாக் காயங்களுக்கும் ஏற்ற ஒரே முறை இல்லை. காயத்தின் இடம், அதன் மீதான இழுவிசை, தொற்று வாய்ப்பு, நோயாளி மீண்டும் வர இயலுமா என்பன தேர்வை முடிவு செய்கின்றன.

வரலாறு

சுசுருத சங்கிதை நார், முடி முதலியவற்றால் காயம் தைப்பதை விவரிக்கிறது. குடற்காயத்தின் விளிம்புகளை எறும்புகளைக் கடிக்கச் செய்து இணைக்கும் முறையும் அந்நூலில் உண்டு. 1908 ஆம் ஆண்டு அங்கேரியில் அறுவைக்கான முதல் பின் கருவி உருவானது. 1942 இல் கண்டறியப்பட்ட சயனோஅக்ரிலேட்டு பசையின் ஒரு வகைக்கு, தோலை ஒட்டுவதற்கான ஒப்புதல் அமெரிக்காவில் 1998 இல் கிடைத்தது.

முறைகள்

* நூல் தையல்: உடலில் கரையாத நூலைப் பிரிக்க வேண்டும். முகத்தில் ஏறத்தாழ 5 நாட்களிலும், வயிற்றில் 7 முதல் 10 நாட்களிலும், மூட்டுகளின் மேல் 10 முதல் 14 நாட்களிலும் பிரிப்பது வழக்கம். தோலுக்கு அடியில் ஓட்டப்படும் கரையும் நூலைப் பிரிக்கத் தேவையில்லை.
* உலோகப் பின் (ஸ்டேப்ளர்): நீண்ட காயத்தையும் விரைவில் மூடலாம். அகற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டும்.
* ஒட்டுபசை: ஊசி குத்தாது, 5 முதல் 10 நாட்களில் தானே உதிரும். இழுவிசை மிகுந்த இடங்களுக்கு ஏற்றதன்று. களிம்பு தடவினால் பசை இளகிவிடும்.
* ஒட்டுப்பட்டை: சிறிய, ஆழமற்ற காயங்களுக்கும், தையலுக்குத் துணையாகவும் பயன்படுகிறது.

ஒப்பீடு

2010 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு, எலும்பு அறுவைக் காயங்கள் 683 ஐ ஒப்பிட்டது. பின் இட்ட காயங்களில் தொற்று வாய்ப்பு தையலைப் போல் மூன்று மடங்குக்கு மேல் காணப்பட்டது. எனினும் அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பலவற்றின் தரம் குறைவு என ஆய்வாளர்களே குறிப்பிட்டனர்.

2014 இல் அமெரிக்காவில் 746 பெண்களிடம் நடந்த சிசேரியன் ஆய்வில், காயச் சிக்கல் தையலில் 4.9 விழுக்காடு, பின்னில் 10.6 விழுக்காடு. ஆனால் தையலுக்கு அறுவை நேரம் கூடியது. மாறாக, 2013 இல் வெளியான சப்பானிய ஆய்வில் இரைப்பை, குடல் அறுவைகளில் முறையே 8.4, 11.5 விழுக்காடு, இவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. ஒட்டுபசையில் காயம் விரியும் வாய்ப்பு தையலை விடச் சற்று மிகுதி என 2014 ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு கண்டது.

விலை மிகுந்த நூல் எப்போதும் நன்மை தருவதில்லை. இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் 5,788 நோயாளிகளிடம் நடந்து 2021 இல் வெளியான பால்கன் ஆய்வில், வயிற்றுச் சுவரை மூடக் கிருமிக்கொல்லி பூசிய நூலைப் பயன்படுத்தியதால் தொற்று குறையவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில்

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூரின் தொழிற்பேட்டைகளில் பல மாநிலத் தொழிலாளர் பணிபுரிகின்றனர். பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் அறுவை செய்துகொண்டு வேறிடத்தில் ஓய்வெடுப்போருக்குத் தையலோ பின்னோ பிரிக்க மீண்டும் பயணம் செய்வது சுமையாகிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டில் தகுதியுள்ளோர்க்குச் சான்றளிக்கப்பட்ட விடுப்பில் கூலியில் 70 விழுக்காடு நோய்ப்பயனாகக் கிடைக்கும். அத்திட்டத்தில் சேராத நாட்கூலியாளர் ஒரு நாள் வருமானத்தை இழப்பர். இத்தகையோருக்குக் கரையும் நூலால் பயணம் மிச்சமாகலாம். பின் இடப்பட்டிருந்தால், அகற்ற வேண்டிய நாளும் பின்களின் எண்ணிக்கையும் விடுவிப்புச் சீட்டில் இருப்பது அருகிலுள்ள மருத்துவருக்கு உதவும்.

நீரிழிவு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். எனவே பிரிக்கும் நாள் தள்ளிப்போகலாம். எம்முறையில் மூடினாலும் சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல், விளிம்பு விரிதல் ஆகியன தோன்றினால், குறித்த நாள் வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* அறுவை மருத்துவம்
* நீரிழிவு நோய்
* கிருஷ்ணகிரி மாவட்டம்