கரைக்கு வந்த பட்டணம்

காரியம் முடிக்கவும் பட்டணம் பார்க்கவும் மன்னார்ப் பகுதி ஜனங்கள் கொழும்புக்கோ, 1914-ல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர் சென்னைக்கோ பிரயாணம் போவது வழக்கமாயிற்று. அதற்கு முன்னரோ, எல்லா வருஷங்களிலும் அன்றாயினும் கடல் மனம் வைத்த வருஷங்களில், ஒரு மகாபட்டணமே அவர்களுடைய மணற்கரையைத் தேடி வந்து, சில வாரகாலம் ஆரவாரமாக வாழ்ந்து, பிறகு இருந்த இடம் தெரியாமற் கலைந்துபோயிற்று. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களையொட்டி முத்துக்குளிப்பின்பொருட்டு எழுந்த அந்தப் பட்டணத்தை எழுதியவர்களிற் பெரும்பாலோர் வருமானக் கணக்கோடு நின்றுவிட்டனர். முத்தைக் காட்டிலும், முத்துக்காகக் கூடியவர்கள் ஒரு நகரத்தை உண்டாக்கிய விதமே எனக்கு அதிக விசித்திரமாகப் படுகிறது.

1560-ல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரும், 1658-ல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தரும், 1795-ல் வந்த ஆங்கிலேயரும், பார்கள் எனப்பட்ட இந்த முத்துச்சிப்பித் திட்டுகளின்மீது வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், குளிப்பை நேரில் இருந்து பார்ப்பதற்கென்றே 1801-க்கும் 1804-க்கும் இடையில் அரிப்பில் கிரேக்கப் பாணித் தூண்களோடு ஒரு மாளிகை கட்டுவித்தார். கடல் அரித்ததுபோக எஞ்சிய அதன் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஆயினும் சிப்பி யாருடைய அதிகாரத்துக்கும் கட்டுப்பட்டதன்று. 1837-க்குப்பின் 1855 வரையிலும், 1891-க்குப்பின் 1903 வரையிலும் குளிப்பே நடைபெறவில்லை. பார்களைச் சோதித்து, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, அரசாங்கம் விளம்பரம் செய்த பிறகே ஓலையும் கம்பும் மறிச்சுக்கட்டிக்கு வந்து இறங்கின.

இறங்கிய சில நாட்களில் அந்த வெறுமணலில் தெருக்கள், கடைவீதி, நீதிஸ்தலம், சிறைக்கூடம், ஆஸ்பத்திரி, தபாற்கந்தோர் எல்லாம் தோன்றிவிட்டன. தூத்துக்குடிப் பரவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், பாரசீக வளைகுடாவிலிருந்து பாய்மரமேறி வந்த அராபியர், செட்டிமார், பம்பாய் வியாபாரிகள், இவர்களுடைய பணத்தை நம்பிவந்த ஜாலவித்தைக்காரர், பக்கிரிகள், பிச்சைக்காரர் என்று முப்பது நாற்பதினாயிரம் பேர் அங்கே கூடினர். யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து 1906-ல் அவ்விடம் அனுப்பப்பட்ட லெனார்ட் வுல்ஃப் என்னும் இளம் உத்தியோகஸ்தர், பிற்காலத்தில் இங்கிலாந்தில் பேரெழுத்தாளரானபோது, அந்த நாட்களைத் தம் சுயசரிதையில் விரிவாக எழுதினார். இத்தனை ஜனத்தையும் ஆண்ட வெள்ளைக்காரர் ஒரு சிலரே.

நள்ளிரவு கழிந்து கரைக்காற்று எழும்போது புறப்படும் தோணிகள் விடியலிற் பாரை அடையும். காலிற் கல்லைக் கட்டிய கயிற்றோடு ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி வாரிக் கூடையில் இட்டு, மேலேயிருந்தவன் தூக்க எழும்புவான் குளியாள். தமிழர் மூக்கைக் கையாற் பிடித்துக்கொண்டே மூழ்க, அராபியர் கொம்பினாற் செய்த கவ்வியை மாட்டிக்கொண்டனர். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடற்கட்டி கரையிலிருந்து மந்திரம் ஜபித்தான். அவனுக்குச் சம்பளமளித்தது ஆங்கில அரசாங்கமே. இலங்கையைப்பற்றி நூலெழுதிய டெனன்ட்டின் காலத்தில் அப்பதவியை வகித்தவன் ஒரு கத்தோலிக்கன் என்பதையும் சேர்த்து நினைத்தால், எந்த வேதம் யாரைக் காத்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நடுப்பகலுக்குமேல் கடற்காற்றோடு தோணிகள் திரும்பும். வேலியடைத்த கொட்டகையில் எண்ணி மூன்று பங்காக்கி, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ள, மூன்றாவதோடு வாயிலைத் தாண்டிய குளியாளைச் சில்லறை வாங்குவோர் சூழ்ந்துகொண்டனர். அரசாங்கப் பங்கு அன்றிரவே ஆயிரமாயிரமாக ஏலம் போயிற்று. திறவாத சிப்பிக்கு விலை கூறுவது வியாபாரமா சூதாட்டமா என்று பிரித்தறிவது கடினம். நாலைந்து சிப்பி வாங்கி அங்கேயே உடைத்துப் பார்க்கும் ஏழைக்கும், லக்ஷக்கணக்கில் வாங்கும் செட்டியாருக்கும் இந்த விஷயத்தில் வேற்றுமையில்லை. பட்டணத்தின் வேலையும் விநோதமும் ஒன்றாகவே நடந்தன என்று நான் கருதுவது இதனால்தான். வாங்கிய சிப்பியை ஒரு வாரத்துக்குமேல் அழுகவிட்டுக் கழுவியே முத்தைப் பொறுக்கவேண்டியிருந்தபடியால், ஈயும் துர்க்கந்தமும் மாத்திரம் அங்கே எல்லோருக்கும் சமபங்காகக் கிடைத்தன. கழுவியெடுத்த முத்துக்களை, 20 துவாரமுள்ளது தொடங்கி 1000 துவாரமுள்ளது வரையில் பத்துப் பித்தளைச் சல்லடைகளிற் சலித்துத் தரம் பிரித்தனர்.

1905-ல் சுமார் எட்டுக்கோடிச் சிப்பி எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு 25 லக்ஷம் ரூபாய்க்குமேல் கிடைத்தது. அந்த ஆனந்தத்தில், 1906-ல் பார்கள் வருஷத்துக்கு 3,10,000 ரூபாய்க்கு, இருபது வருஷக் குத்தகையாக ஒரு லண்டன் கம்பெனிக்கு விடப்பட்டன. கம்பெனிக்கு வாய்த்ததோ பெரும்பாலும் வெறும் பார். அளவுக்குமீறி வாரியதும், கடலின் இயற்கை மாற்றங்களும் சேர்ந்தே அந்த நிலையை உண்டாக்கியிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். குத்தகைக்காலம் நிறைவேறுமுன்பே கம்பெனி கைகழுவிற்று. அதன்பின், 1920-களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்து இயற்கை முத்தின் விலையைச் சரித்தமையால், சிப்பி திரும்பினாலுங்கூட வியாபாரிகள் கப்பலேறி வருவதற்குக் காரணம் இல்லாமற்போயிற்று.