சங்ககிரித் துருக்கமும் ஆங்கில வழக்குச் சொற்களும்

சேலம் மாவட்டத்துச் சங்ககிரியிலுள்ள புகைவண்டி நிலையம் இன்றும் 'சங்கரி துர்க்' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. பழைய ஆங்கில ஆவணங்களிலும் நிலப்படங்களிலும் இப்பெயரின் ஈறு 'ட்ரக்' எனக் காணப்படும். மருந்தையும் போதைப்பொருளையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களும் இவையே. ஒரே வடிவுடைய இவ்விரு சொற்கும் யாதேனும் உறவு உண்டோ எனின், இல்லை என்பதே விடை. அவ்விடையை நிறுவும் நெறி யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். ஒலி ஒத்தவற்றையெல்லாம் ஒரு மூலத்தன எனத் துணியும் வழக்கம் நம்மிடையே மிகுந்துள்ளது. அதனால் உண்மையாகவே தமிழிலிருந்து சென்ற சொற்களின் வரலாறும் ஐயுறப்படும் நிலையை எய்துகின்றது.

சங்கின் வடிவுடைய மலையாதலின் சங்ககிரி எனப் பெயர்பெற்றது என்பர். பேச்சு விரைவில் இடைநின்ற 'கி' கெட்டுச் 'சங்கரி' ஆயிற்று. துர்க்கம் என்பது அடைதற்கரிய அரணைக் குறிக்கும் வடசொல். 1792இல் நிகழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைப்பட்டன. அலெக்சாண்டர் ரீடும் அவர்க்குத் துணைவராய் வந்த தாமஸ் மன்றோ முதலியோரும் வரித்திட்டம் வகுக்கப் புகுந்தனர். (தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டது இத்துருக்கத்திலேயே.) அக்காலத்து அலுவலர், ஊர்ப்பெயர்களைத் தம் செவிக்கு எட்டியவாறே எழுதிவைத்தனர்.

'துர்க்' என்பது 'ட்ரக்' ஆனது எங்ஙனம்? ரகரமும் உயிரும் இடம்மாறின எனக் கொள்ளுதல் ஒருவழி. ஆங்கிலத்தில் இது புதியதன்று. பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' பண்டை ஆங்கிலத்தில் 'பிரிட்' என்றே இருந்தது. நம் மொழியிலும் தசை சதையாகவும், ஞிமிறு மிஞிறாகவும் வருதலைக் காண்கிறோம். ஆயினும், எழுத்து நிலைமாற்றம் ஈண்டு வேண்டா என்பதே எம் கருத்து. துர்க்கம் என்பது தமிழில் துருக்கம் எனவும் வழங்கும். மெய்ம்மயக்கத்தை நெகிழ்க்க ஓர் உகரம் இடையில் தோன்றுதல் தென்மொழிப் பேச்சுக்கு இயல்பு. அத் 'துருக்' என்பதன் முதல் உகரம் அழுத்தமின்றித் தேயின் 'ட்ரக்' தானே எஞ்சும். இராயதுருக்கம் 'ராயட்ரக்' என்றும், சித்திரதுருக்கம் 'சித்தல்ட்ரூக்' என்றும் எழுதப்பட்டமை காண்க. ஒரே மாற்றம் பல ஊர்ப்பெயர்களில் ஒருபடித்தாக நிகழ்ந்துள்ளமையின், இதனைச் சங்ககிரியில் எழுதினான் ஒருவனது பிழை எனத் தள்ளுதற்கு இடனில்லை. மற்றைய 'ட்ரக்' பிரெஞ்சு மொழிவழி 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலம் புகுந்தது. அதன் முன்னை வரலாறு இன்னும் ஐயத்திற்குரியது. எனினும், அக்காலத்து ஆங்கிலேயர் சங்ககிரியை அறிந்தாரல்லர்.

'ட்ரூக்' என்பதனை ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியில் காணலாம். பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்தார். முகரத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் ஓலத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் தம் நாவிற்கேற்பத் திரித்த கொச்சையே அந்நூற்பெயர். சொல்தோறும் பழைய ஆவண மேற்கோள்களை ஆண்டோடு நிறுத்திக் காட்டியமையே அதன் பெருமை. கொச்சையையும் இத்துணைப் பொறுப்போடு தொகுத்த நூல்கள் சிலவே.

இந்நெறியால் கறி, காசு ஆகிய இரண்டையும் நோக்குவோம். உணவாகிய 'கரி' நம் கறியே. 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்த லின்சோட்டனின் பயணநூலில் அது போர்த்துகீசிய உருவோடு காணப்படுகின்றது. குதிரையின் மயிரைத் தேய்த்துச் சீர்செய்தலைக் குறிக்கும் 'கரி' அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பிரெஞ்சிலிருந்து வந்தது. முகமன் கூறி ஒருவர் தயவைப் பெறுதலைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் இக்குதிரைக் 'கரி'யிற் பிறந்ததேயன்றிக் குழம்பிற் பிறந்ததன்று. காசின் நிலையும் இத்தகையதே. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என வழங்கிய காலத்து, அச்சிறு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றனர், அது தமிழே. கைப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டி என்னும் பொருளுடைய ஐரோப்பியச் சொல்லின் வழித்தோன்றல். இதனையும் தமிழ் என்பார் உளர். அவர் ஆர்வம் பெரிது, சான்று சிறிது.

ஆங்கிலக் கொச்சையில் தமிழ் பெற்ற இடம் சிறிதாயினும் சுவையுடையது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' எனத் திரிந்தது. சென்னை மாகாணத்து ஆங்கிலேயர்க்கு அதன் முதற்பகுதியாகிய 'மல்' என்பதே பட்டப்பெயராயிற்று. வங்காளத்தார் ஏவலரை விளிக்கும் 'கோயி ஹை' அவர்க்கே பெயரானமையும் இத்தகையது. டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலில் குறித்த கட்டுமரம், 19ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் வழங்கிற்று. பூனையின் ஆங்கிலப் பெயர் அச்சொல்லின் முதலில் ஒலித்தமை இதற்குத் துணைசெய்திருக்கலாம்.

எதிர்த்திசையிலும் சொற்கள் வருகின்றன. சங்ககிரி இன்று லாரித் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். ஓட்டுநர்க்குத் துணையாகச் செல்வோன் ஈண்டுக் 'கிளீனர்' எனப்படுவான். ஆங்கிலத்திலோ அச்சொல் துப்புரவு செய்வாரையே குறிக்கும். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவோன் 'டிங்கர்'. ஆங்கில நாட்டில் அவன் ஊர்தோறும் சென்று ஓட்டைப் பாத்திரம் அடைப்பவன். 'ஆரன் அடித்தல்', 'டிரிப் அடித்தல்' என்புழி, ஆங்கிலப் பெயர்கள் 'அடி' என்னும் நம் வினையைக் கொண்டே முடிகின்றன.